41 பேர் போதும். 25 பேர்தான் வந்தார்கள்!

அமெரிக்க செனட் சபையில் நடந்த ஒரு ஓட்டெடுப்பின் கதை

வீட்டுக்குள் திருடன் நுழையும்போது கதவைத் திறந்துவிட்டு, அவன் போன பிறகு "திருடன்! திருடன்!" என்று கூச்சல் போட்டால் அதனால் என்ன பயன்?

2006-ம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில், அமெரிக்காவில் பல பேர் இப்படித்தான் கேட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்களைப் பார்த்து அவர்கள் இதைக் கேட்கவில்லை. தாங்களே ஓட்டுப் போட்டு அனுப்பிய சொந்தக் கட்சித் தலைவர்களைப் பார்த்துக் கேட்டார்கள்.

அவர்களுக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம்?

எல்லாம் ஒரு நீதிபதியால் வந்தது. அந்த நீதிபதியின் பெயர் சாமுவேல் அலிட்டோ.

ஆயுள் பதவி

நம் நாட்டில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிக்கு 65 வயது ஆனதும் ஓய்வு கொடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி பதவி, ஆயுள் பதவி. அவராக விலக வேண்டும். அல்லது இறக்க வேண்டும். பெரிய குற்றம் செய்தால்தான் நீக்க முடியும்.

மொத்தம் 9 நீதிபதிகள். முக்கியமான வழக்குகளில் பல தடவை 5 பேர் ஒரு பக்கம், 4 பேர் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுவார்கள். அப்போது ஒரே ஒரு நீதிபதியின் கையில் நாட்டின் சட்டம் இருக்கும்.

இந்த நீதிபதிகளை ஜனாதிபதிதான் தேர்ந்து எடுப்பார். ஆனால், அவர் சொன்னால் மட்டும் போதாது. செனட் சபை சம்மதிக்க வேண்டும். செனட் சபையில் 100 மெம்பர்கள். மாநிலத்துக்கு இருவர் வீதம், 50 மாநிலங்களுக்கு 100 பேர்.

ஜனாதிபதி வருவார், போவார். 4 ஆண்டுகள், அதிகம் போனால் 8 ஆண்டுகள். ஆனால் அவர் நியமித்த நீதிபதி 20 ஆண்டுகள், 30 ஆண்டுகள் கூட உட்கார்ந்து இருப்பார். எனவே நீதிபதி நியமனம் என்றால், அங்கே பெரிய தேர்தலைப் போன்ற பரபரப்பு!

முதல் பெண் நீதிபதி

2005-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. "நான் ஓய்வு பெறப் போகிறேன்" என்று சான்ட்ரா டே ஓ'கானர் அம்மையார் சொன்னார்.

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியான முதல் பெண் இவர்தான். சட்டப் படிப்பில் சிறந்து தேறியவர். ஆனால் படித்து முடித்த காலத்தில், பெண் என்ற ஒரே காரணத்தால் வக்கீல் கம்பெனிகள் இவருக்கு வக்கீல் வேலை கொடுக்க மறுத்துவிட்டன. அப்படிப்பட்டவர், 1981-ம் ஆண்டில் நாட்டின் உயர்ந்த நீதி ஆசனத்தில் அமர்ந்தார். செனட் சபையில் 99 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து ஒரு ஓட்டுக் கூட இல்லை.

வலதுசாரி, இடதுசாரி என்று நீதிபதிகள் பிரிந்து நின்றபோது, ஓ'கானர் நடுவில் நின்றார். தராசின் முள் போல இருந்தார். இவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ, அந்தப் பக்கமே தீர்ப்பு.

கணவர் மறதி நோயால் பீடிக்கப்பட்டிருந்தார். அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இவர் பதவியை விட்டார்.

அந்த நாற்காலிக்கு யார் வருவது?

அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் ஜார்ஜ் புஷ்; குடியரசுக் கட்சி. முதலில் ஜான் ராபர்ட்சின் பெயரைச் சொன்னார். அதற்குள் தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் இறந்துவிடவே, ராபர்ட்ஸ் தலைமை நீதிபதி ஆனார். அடுத்து, ஹாரியட் மியர்ஸ் என்ற பெண் வக்கீலின் பெயரைச் சொன்னார். அவருக்குப் புஷ்சின் சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு. 24 நாட்களில் அவர் விலகிக்கொண்டார்.

அக்டோபர் 31-ந் தேதி புஷ் மூன்றாவது பெயரைச் சொன்னார். அவர்தான் அலிட்டோ.

யார் இந்த அலிட்டோ?

சாமுவேல் அலிட்டோ, நியூஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்தவர். தந்தை இத்தாலியில் இருந்து சிறு வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். மகன் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்தார். அரசாங்க வக்கீல் ஆனார். 1990-ல் அப்பீல் கோர்ட்டு நீதிபதி ஆனார். அப்போது அவரை யாரும் எதிர்க்கவில்லை.

கெட்டிக்காரர், அமைதியானவர், சட்டத்தை நன்கு அறிந்தவர். இதை எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள். வக்கீல்கள் சங்கம் அவருக்கு மிக உயர்ந்த மார்க்குப் போட்டது.

அப்படியானால் எதிர்ப்பு எதற்கு?

அதற்கு இரண்டு பழைய காகிதங்கள் காரணம்.

முதலாவது, 1985-ம் ஆண்டில் ஒரு அரசாங்க வேலைக்காக அவர் எழுதிய விண்ணப்பம். கருக்கலைப்புச் செய்துகொள்ளும் உரிமையை அமெரிக்க அரசியல் சட்டம் பெண்களுக்கு அளிக்கவில்லை என்பது தம் உறுதியான கருத்து என்று அதில் எழுதியிருந்தார். 1973-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு அந்த உரிமையை வழங்கியிருந்தது. அதே விண்ணப்பத்தில், தாம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கம் ஒன்றில் மெம்பர் என்றும் பெருமையாகக் குறிப்பிட்டிருந்தார். பெண்களையும் சிறுபான்மையினரையும் அதிகமாகச் சேர்ப்பது அந்தச் சங்கத்துக்குப் பிடிக்காது.

இரண்டாவது, 1991-ம் ஆண்டில் அவர் எழுதிய ஒரு தீர்ப்பு. பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். கல்யாணம் ஆன பெண் கருக்கலைப்புச் செய்துகொள்வதாக இருந்தால், முன்கூட்டியே கணவனிடம் சொல்ல வேண்டும் என்றது அந்தச் சட்டம். கணவன் அடிப்பான் என்று பயந்தால் சொல்ல வேண்டாம் என்பது போலச் சில விலக்குகளும் உண்டு.

வழக்கை மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். "இந்த விதி செல்லாது" என்றார்கள் இருவர். "செல்லும்" என்றார் ஒருவர். அந்த ஒருவர், அலிட்டோ.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1992-ல் 5 பேர் ஒரு பக்கம், 4 பேர் ஒரு பக்கம். கணவனிடம் சொல்ல வேண்டும் என்ற விதி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அந்த 5 பேரில் ஒருவர் ஓ'கானர் அம்மையார்!

எந்த அம்மையார் அலிட்டோவின் கருத்தைத் தள்ளினாரோ, அதே அம்மையாரின் நாற்காலியில் இப்போது அலிட்டோ உட்கார வருகிறார். எதிர்ப்பாளர்கள் துடித்ததில் வியப்பு என்ன?

கண்ணீர்

2006-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி விசாரணை தொடங்கியது. செனட் சபையின் கமிட்டி முன்பு அலிட்டோ உட்கார்ந்தார். கேள்வி மேல் கேள்வி போட்டார்கள்.

"1985-ல் அப்படி எழுதினீர்களே?"

"அது அந்தக் காலத்தில் என் கருத்து. நீதிபதியாக வரும் வழக்கைத் திறந்த மனத்தோடு பார்ப்பேன்" என்கிற பொருளில் அவர் பதில் சொன்னார். பழைய மாணவர் சங்கத்தில் சேர்ந்ததே ஞாபகம் இல்லை என்றார்.

ஜனநாயகக் கட்சி மெம்பர்கள் கேட்டதைவிடப் பேசியது அதிகம். பிற்காலத்தில் ஜனாதிபதியான ஜோ பைடன், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தொப்பி ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு காட்டினார். சிரிப்பு வந்ததே தவிர, அலிட்டோவிடம் இருந்து ஒரு வார்த்தையும் பெயரவில்லை.

ஜனவரி 11-ந் தேதி எதிர்பாராத சம்பவம் ஒன்று நடந்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த லிண்ட்சே கிரகாம், "உங்கள் குடும்பம் இதை எல்லாம் கேட்க வேண்டி வந்ததே!" என்று வருத்தம் தெரிவித்துப் பேசினார். பின்னால் உட்கார்ந்திருந்த அலிட்டோவின் மனைவி அழுதுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

அன்று இரவு டெலிவிஷனில் அந்தக் கண்ணீரைத்தான் காட்டினார்கள். 1985-ம் ஆண்டு விண்ணப்பமும், 1991-ம் ஆண்டு தீர்ப்பும் பின்னால் போய்விட்டன.

ஜனவரி 24-ந் தேதி கமிட்டியில் ஓட்டு எடுத்தார்கள். அலிட்டோவுக்கு ஆதரவு 10, எதிர்ப்பு 8.

பேச்சு என்னும் ஆயுதம்

அப்போது செனட் சபையில் குடியரசுக் கட்சிக்கு 55 பேர். ஜனநாயகக் கட்சிக்கு 44 பேர். சுயேச்சை ஒருவர், அவர் ஜனநாயகக் கட்சிப் பக்கம். ஆக, 45 பேர்.

55-ஐ 45 வெல்ல முடியுமா?

நேர் ஓட்டில் முடியாது. ஆனால் சிறுபான்மைக் கட்சியின் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. அதுதான் பேச்சு.

செனட் சபையில் ஒரு மெம்பர் எழுந்து பேசத் தொடங்கினால், அவரை லேசில் நிறுத்த முடியாது. அவர் பேசலாம்; அவருக்குப் பின் இன்னொருவர் பேசலாம். பேச்சு முடிந்தால்தானே ஓட்டு? பேச்சை நிறுத்த வேண்டுமானால், அந்தக் காலத்து விதிப்படி 60 பேர் சம்மதிக்க வேண்டும். 41 பேர் சேர்ந்து "நிறுத்தக் கூடாது" என்று நின்றால், ஓட்டெடுப்பே நடக்காது!

இந்த ஆயுதத்தை நல்லதற்கும் எடுத்திருக்கிறார்கள், கெட்டதற்கும் எடுத்திருக்கிறார்கள். 1957-ம் ஆண்டில் ஸ்டிராம் தர்மண்ட் என்ற செனட்டர், நீக்ரோ மக்களுக்கு உரிமை அளிக்கும் மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிஷம் ஒரே மூச்சாகப் பேசினார். 1968-ல் ஏப் போர்ட்டாஸ் என்பவர் தலைமை நீதிபதி ஆவதை இதே ஆயுதத்தால்தான் தடுத்தார்கள்.

45 பேர் இருக்கிறார்கள். 41 பேர் போதும். பிறகு என்ன?

பனிமலையில் இருந்து ஒரு குரல்

ஜனவரி 26-ந் தேதி ஜான் கெர்ரி அறைகூவல் விடுத்தார். 2004-ம் ஆண்டு ஜனாதிபதி தேர்தலில் புஷ்சை எதிர்த்து நின்று தோற்றவர் இவர். "அலிட்டோவைத் தடுப்போம். பேச்சை நிறுத்த விடக்கூடாது" என்றார். எட்வர்டு கென்னடி அவரோடு சேர்ந்துகொண்டார்.

ஆனால் கெர்ரி அப்போது எங்கே இருந்தார் தெரியுமா? சுவிட்சர்லாந்து நாட்டில்! அங்கே டாவோஸ் என்ற பனிமலை ஊரில் நடந்த பொருளாதார மாநாட்டுக்குப் போயிருந்தார். "பனிமலையில் இருந்துகொண்டு போராட்டம் அறிவிக்கிறார்" என்று ஜனாதிபதி மாளிகை கேலி செய்தது.

அலிட்டோவின் பெயரை அறிவித்தது அக்டோபர் 31-ந் தேதி. போராட்ட அறிவிப்பு வந்தது 87 நாட்கள் கழித்து. ஓட்டெடுப்புக்கு மீதி இருந்தது நாலே நாள்.

அந்த நாலு நாட்களில் மக்கள் சும்மா இருக்கவில்லை. செனட்டர்களின் ஆபீசுகளுக்கு டெலிபோன் செய்தார்கள்; கடிதம் எழுதினார்கள். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, செனட்டர்களுக்கு முதுகெலும்பு வேண்டும் என்று தலையங்கமே எழுதிவிட்டது.

ஆனால் ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் ஹாரி ரீடு என்ன சொன்னார்? "தடுப்பதற்குப் போதுமான ஓட்டு இல்லை" என்றார். தளபதியே "வெற்றி இல்லை" என்று சொன்னால், படை எப்படி நிற்கும்?

முதல் நாளும் மறு நாளும்

ஜனவரி 30-ந் தேதி. பேச்சை நிறுத்தலாமா, கூடாதா என்று ஓட்டு எடுத்தார்கள்.

"நிறுத்தலாம்" என்றவர்கள் 72 பேர். "கூடாது" என்றவர்கள் 25 பேர். மூன்று பேர் வரவில்லை.

ஜனநாயகக் கட்சியினர் 19 பேர், புஷ் கட்சியோடு சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள்.

மறு நாள் ஜனவரி 31-ந் தேதி. அலிட்டோவை ஏற்கலாமா, வேண்டாமா என்று இறுதி ஓட்டு.

"ஏற்கலாம்" என்றவர்கள் 58 பேர். "வேண்டாம்" என்றவர்கள் 42 பேர்.

வாசகர்கள் இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அலிட்டோ வேண்டாம் என்று சொன்னவர்கள் 42 பேர். அவரைத் தடுத்து நிறுத்தத் தேவைப்பட்டவர்கள் 41 பேர். ஒருவர் அதிகமாகவே இருந்தார்கள்! ஆனால், தடுக்க முடிந்த நாளில் 25 பேர்தான் நின்றார்கள். தடுக்க முடியாது என்று ஆகிவிட்ட பிறகுதான் 42 பேர் கை தூக்கினார்கள்.

மீதி 17 பேர் யார்? முதல் நாள் "பேச்சை நிறுத்து" என்று ஓட்டுப் போட்டுவிட்டு, மறு நாள் "அலிட்டோ வேண்டாம்" என்றவர்கள் 16 பேர். அவர்களில் 15 பேர் ஜனநாயகக் கட்சி. ஒருவர் மட்டும் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த லிங்கன் சேபி. பதினேழாவது ஆள், முதல் நாள் ஓட்டுக்கு வராதவர்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

அன்றே அலிட்டோ பதவிப் பிரமாணம் எடுத்தார். அன்று மாலை ஜனாதிபதி புஷ் பேசிய கூட்டத்தில், நீதிபதி அங்கியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஏன் தயங்கினார்கள்?

தயங்கியவர்களுக்கும் காரணம் இருந்தது. அதையும் கேட்பதுதான் நியாயம்.

"அலிட்டோ குற்றவாளி அல்ல. படித்தவர். 15 ஆண்டு அனுபவம் உள்ள நீதிபதி. 2004 தேர்தலில் புஷ் ஜெயித்தார். ஜெயித்தவர் தமக்குப் பிடித்தவரை நியமிக்கிறார்" என்றார்கள் சிலர்.

புஷ்சுக்குச் செல்வாக்கு உள்ள மாநிலங்களில் இருந்து வந்தவர்கள் சிலர். அவர்களுக்குத் தேர்தல் பயம்.

இன்னொரு பயம்தான் பெரியது. 2005-ம் ஆண்டில் குடியரசுக் கட்சி ஒரு மிரட்டல் விடுத்தது. "நீதிபதி நியமனங்களைப் பேசிப் பேசித் தடுத்தால், அந்த விதியையே எடுத்துவிடுவோம்" என்றது. உடனே இரு கட்சியிலும் கட்சிக்கு 7 பேராக 14 பேர் கூடி, மே மாதம் 23-ந் தேதி ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். "மிக அசாதாரணமான நிலைமையில்தான் இந்த ஆயுதத்தை எடுப்போம்" என்பது அந்த உடன்பாடு. அதில் இருந்த ஜனநாயகக் கட்சியினர் 7 பேரும், ஜனவரி 30-ந் தேதி பேச்சை நிறுத்தவே ஓட்டுப் போட்டார்கள்.

"ஓ'கானரின் இடத்துக்கு அலிட்டோ வருவது அசாதாரணம் இல்லையென்றால், வேறு எதுதான் அசாதாரணம்?" என்று மக்கள் கேட்டார்கள். அதற்குச் சரியான பதில் வரவில்லை.

1987-ல் நடந்தது என்ன?

எதிர்க்க வேண்டும் என்று நினைத்தால் எப்படி எதிர்ப்பது என்பது அந்தக் கட்சிக்குத் தெரியாதது அல்ல.

1987-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, ஜனாதிபதி ரீகன் ராபர்ட் போர்க் என்பவரை நியமித்தார். ஒரு மணி நேரத்துக்குள் எட்வர்டு கென்னடி சபையில் எழுந்து எதிர்ப்பை முழங்கினார். அன்று தொடங்கிய கிளர்ச்சி, நாலு மாதம் ஓயவில்லை. அக்டோபர் 23-ந் தேதி ஓட்டு எடுத்தபோது, போர்க்குக்கு 42, எதிராக 58. போர்க் தோற்றார்.

அலிட்டோவுக்கு அதே 58, அதே 42. எண்கள் அப்படியே தலைகீழ்!

அப்போது ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கும் 87 நாட்களுக்கும் உள்ள வித்தியாசம் சிறியது அல்ல.

பிறகு என்ன ஆயிற்று?

லில்லி லெட்பெட்டர் என்று ஒரு பெண்மணி. அலபாமா மாநிலத்தில் குட்இயர் டயர் தொழிற்சாலையில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவர். தம்மைப் போலவே வேலை செய்யும் ஆண்களைவிடத் தமக்குச் சம்பளம் குறைவு என்பது அவருக்கு வெகு காலம் தெரியாது. யாரோ பெயர் எழுதாமல் வைத்துவிட்டுப் போன ஒரு துண்டுச் சீட்டினால்தான் தெரிந்தது. 1997-ம் ஆண்டுக் கடைசியில் அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே வேலை செய்த ஆண்களில் மிகக் குறைந்த சம்பளக்காரருக்கு 4,286 டாலர்.

வழக்குப் போட்டார். சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2007-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் தோற்றார். "சம்பளத்தைக் குறைத்து முடிவு செய்த 180 நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டும்" என்றது தீர்ப்பு. தெரியாத விஷயத்துக்கு எப்படிப் புகார் செய்வது? அந்தத் தீர்ப்பை எழுதியவர், அலிட்டோ. பிறகு 2009-ல் சட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

2022-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி. 1973-ம் ஆண்டுத் தீர்ப்பையும், ஓ'கானர் சேர்ந்து எழுதிய 1992-ம் ஆண்டுத் தீர்ப்பையும் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கருக்கலைப்புக்குத் தடை வந்தது. வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் அமெரிக்காவில் சண்டையிடும் விஷயம் அது. அந்தத் தீர்ப்பை எழுதியவரும் அலிட்டோவேதான். 1985-ல் விண்ணப்பத்தில் எழுதியதை, 37 ஆண்டுகள் கழித்து நாட்டின் சட்டமாக எழுதினார். அவர் எதையும் மறைக்கவில்லை. காகிதம் எல்லோர் கையிலும்தான் இருந்தது.

ஆயுதமும் போயிற்று

"ஆயுதத்தை எடுத்தால் பறித்துவிடுவார்கள்" என்று பயந்தார்களே, அந்த ஆயுதம் என்ன ஆயிற்று?

2013-ல், கீழ்க் கோர்ட்டு நீதிபதிகள் விஷயத்தில் அதை எடுத்துவிட்டது ஜனநாயகக் கட்சியேதான். 2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் விஷயத்திலும் குடியரசுக் கட்சி அதை எடுத்துவிட்டது. அடுத்த நாளே கோர்சச்சின் நியமனத்தைச் செனட் சபை ஏற்றது. 2018-ல் கவனா, 2020-ல் பாரெட் அம்மையார். 2022-ம் ஆண்டுத் தீர்ப்பில் அலிட்டோவோடு இந்த மூவரும் சேர்ந்தார்கள். பேசித் தடுக்கும் உரிமை அப்போது யாருக்கும் இல்லை.

2006-ல் 41 பேர் நின்றிருந்தால் அலிட்டோ வந்திருக்க மாட்டாரா? உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போதே விதியை மாற்றியிருக்கலாம். புஷ் வேறு ஒருவரை அனுப்பியிருக்கலாம். அவரும் அலிட்டோவைப் போலவே இருந்திருக்கலாம்.

ஆனால் மக்களின் கோபம் தோல்விக்காக அல்ல. போரில் தோற்பது உண்டு. தோற்றவனை ஊர் மன்னிக்கும். போர் நடக்கும் நாளில் வீட்டில் இருந்துவிட்டு, முடிந்த மறு நாள் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தவனைத்தான் ஊர் மன்னிக்காது.

ஓட்டுப் போட்டு அனுப்பியவன் தன் பிரதிநிதியிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாய்?" என்பது மட்டும் அல்ல.

"எந்த நாளில் போட்டாய்?" என்றும் கேட்க வேண்டும்.